துணையின் செல்போனை வேவு பார்க்கலாமா? காளிகாட் ஓவியம் முதல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை

"யாருகிட்ட இவ்ளோ நேரம் சாட் பண்ற?"

"ஆபீஸ் குரூப்தான்."

"அப்போ போனை ஏன் கவுத்து வைக்கிற?"

பல வீடுகளில் சண்டை தொடங்கும் இடம் இதுதான். அடுத்து பாஸ்வேர்டு கேட்பது, தூங்கும்போது விரல் ரேகையை வைத்து போனைத் திறப்பது, லேப்டாப்பில் வாட்ஸ்ஆப்பை ரகசியமாக இணைத்து வைப்பது, கால் ஹிஸ்டரியை யார் மூலமாவது வாங்க முயல்வது என்று போகும். சந்தேகம் சரியா தவறா என்பது தெரியவருவதற்கு முன்பே சட்டச் சிக்கலும் உறவுச் சிக்கலும் வந்து சேர்ந்துவிடும்.

துணை ஆன்லைனில் வேறொருவருடன் நெருக்கமாக இருக்கிறாரோ என்ற சந்தேகம் வந்தால் என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது? சட்டம் என்ன சொல்கிறது? சந்தேகம் ஊர்ப் பேச்சாக மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு இந்தியாவின் மிகப் பிரபலமான பழைய வழக்கு ஒன்றும் இருக்கிறது. அதிலிருந்து தொடங்கலாம்.

காளிகாட் ஓவியங்களில் வரும் அந்தப் பெண் யார்?

கொல்கத்தாவின் காளிகாட் கோவிலைச் சுற்றி 19-ஆம் நூற்றாண்டில் 'பட்டுவா' எனப்படும் ஓவியர்கள் கடை போட்டிருந்தனர். யாத்ரீகர்கள் வாங்கிச் செல்வதற்காக மில் காகிதத்தில் வேகமாக வரைந்து, மலிவாக விற்றார்கள். பெரும்பாலும் தெய்வப் படங்கள்தான். ஆனால் 1873-க்குப் பிறகு ஒரு புதிய தொடர் பரபரப்பாக விற்றது. ஒரு பெண் மடாதிபதிக்கு வெற்றிலை கொடுக்கிறாள். கணவன் அரிவாள்மனையால் அவள் தலையை வெட்டுகிறான். மடாதிபதி சிறையில் செக்கு இழுக்கிறார்.

அந்தப் பெண்ணின் பெயர் எலோகேஷி. வயது சுமார் 16. கணவர் நபின் சந்திர பானர்ஜி கல்கத்தாவில் அச்சகம் ஒன்றில் வேலை பார்த்தார். மனைவி தாரகேஸ்வர் அருகே பெற்றோர் வீட்டில் இருந்தார். அங்குள்ள சிவன் கோவிலின் மகந்த் மாதவ்சந்திர கிரியுடன் அவருக்குத் தொடர்பு என்று ஊரில் பேச்சு. ஊருக்கு வந்த நபின் அதைக் கேள்விப்பட்டார். எலோகேஷி கணவரிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டதாகவும், அவரும் மன்னித்து கல்கத்தாவுக்கு அழைத்துச் செல்ல முயன்றதாகவும், மகந்தின் ஆட்கள் வழிமறித்ததாகவும் அந்தக் காலப் பதிவுகள் கூறுகின்றன. 1873 மே 27 அன்று நபின் அவரைக் கொன்றார்.

செராம்பூரில் நடந்த விசாரணையில், நபின் மனநிலை பிறழ்ந்திருந்தார் என்று ஜூரிகள் விடுவித்தனர். நீதிபதி அதை ஏற்காமல் வழக்கை கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப, அங்கே ஆயுள் தண்டனை கிடைத்தது. ஆனால் ஆயிரக்கணக்கானோர் மனு கொடுத்ததால் 1875-இல் நபின் விடுதலையானார். மகந்துக்கு, அப்போதைய இந்திய தண்டனைச் சட்டப்படி பிறன்மனை உறவுக் குற்றத்துக்காக 3 ஆண்டு கடுங்காவல்.

கணவரை விடுவிக்க மக்கள் மனு கொடுத்தார்கள். மகந்தைத் தண்டிக்கச் சட்டம் இருந்தது. நாடகங்கள் போட்டார்கள், ஓவியங்கள் விற்றார்கள். ஆனால் எலோகேஷி விரும்பிப் போனாரா, ஏமாற்றப்பட்டாரா, கட்டாயப்படுத்தப்பட்டாரா என்பதில் கடைசிவரை ஒருமித்த கருத்து இல்லை. அவர் வாக்குமூலம் கொடுக்க உயிருடன் இல்லை. அந்த வழக்கைப் பற்றி எழுதப்பட்ட எல்லாமே மற்றவர்கள் சொன்னதுதான்.

வேலை ஒரு ஊரில், துணை இன்னொரு ஊரில், நடுவில் மூன்றாம் நபர்கள் சொல்லும் தகவல் என்ற அமைப்பு இன்றும் மாறவில்லை. இன்று ஊர்ப் பேச்சின் இடத்தில் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது.

திருமணம் தாண்டிய உறவு இன்று குற்றமா?

இல்லை. மகந்தைத் தண்டித்த அதே பிறன்மனைச் சட்டம், அதாவது இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆவது பிரிவு, 2018 செப்டம்பர் 27 அன்று ஜோசப் ஷைன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தால் ரத்து செய்யப்பட்டது. மனைவியைக் கணவரின் சொத்துபோலப் பார்க்கும் சட்டம் அது என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு கூறியது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அந்தக் குற்றம் இல்லை.

எனவே 'போலீஸில் புகார் கொடுத்து உள்ளே தள்ளுவேன்' என்ற மிரட்டலுக்குச் சட்ட அடிப்படை இல்லை. ஆனால் விவாகரத்து கோருவதற்கான காரணமாக அது தொடர்கிறது.

வெறும் சாட்டிங் 'துரோகம்' என்று சட்டம் ஏற்குமா?

இந்து திருமணச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு, திருமணத்துக்குப் பிறகு வேறொருவருடன் விரும்பி உடலுறவு கொள்வதையே விவாகரத்துக்கான ஒரு காரணமாகச் சொல்கிறது. ஹார்ட் எமோஜி, நள்ளிரவு சாட், டேட்டிங் ஆப்பில் ஒரு புரொஃபைல் ஆகியவை மட்டும் இந்த வரையறைக்குள் வராது. உடல் உறவு இல்லாத நிலையில் மனைவி வேறொருவர் மீது அன்பு வைத்திருப்பதை 'அடல்ட்டரி' என்று சொல்ல முடியாது என 2025-இல் ஒரு ஜீவனாம்ச வழக்கில் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றமும் கூறியது.

ஆனால் அதே சட்டத்தில் 'கொடுமை' என்ற தனிக் காரணம் இருக்கிறது. மனரீதியான கொடுமையும் அதில் அடங்கும். மனக் கொடுமை என்றால் என்ன என்பதை விளக்கி 2007-இல் உச்ச நீதிமன்றம் அளித்த முக்கியத் தீர்ப்பான சமர் கோஷ் வழக்கு, காளிகாட்டுக்குப் பக்கத்தில் உள்ள அலிப்பூர் நீதிமன்றத்தில் தொடங்கியதுதான். மனக் கொடுமைக்கு ஒரே அளவுகோல் கிடையாது, தம்பதியின் மொத்த வாழ்க்கையையும் வைத்தே பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆகவே ஆன்லைன் உறவு ஒரு திருமணத்தை எந்த அளவுக்குச் சிதைத்தது என்பது வழக்குக்கு வழக்கு மாறும்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஆதாரம் இல்லாமல் மனைவியின் நடத்தை மீது பழி சுமத்துவது மனக் கொடுமை என்று விஜயகுமார் பாட்டே வழக்கில் 2003-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. கணவர் மீது பொய்யாக அப்படிப் பழி சுமத்துவதும் கொடுமையே என்று 2016-இல் நரேந்திரா எதிர் மீனா வழக்கில் கூறியது. அதாவது, தவறான சந்தேகத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால், விவாகரத்துக்கான காரணத்தை எதிர்த் தரப்புக்கு நீங்களே எடுத்துக் கொடுக்கிறீர்கள்.

ரகசியமாக எடுத்த ஆதாரத்தை நீதிமன்றம் ஏற்குமா?

இதில் அண்மையில் வந்த இரண்டு தீர்ப்புகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

முதலாவது, 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அளித்தது. பரமக்குடி நீதிமன்றத்தில் நடந்த விவாகரத்து வழக்கில், மனைவிக்குத் தெரியாமல் எடுத்த அவரது கால் ஹிஸ்டரியைக் கணவர் தாக்கல் செய்தார். அதை ஏற்க முடியாது என்றார் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன். தனியுரிமை அடிப்படை உரிமை, கணவன் மனைவிக்கு இடையிலும் அது உண்டு, ஒருவரை ஒருவர் வேவு பார்ப்பது திருமணத்தின் அடித்தளத்தையே அரிக்கும் என்பது அந்தத் தீர்ப்பின் பார்வை.

இரண்டாவது, 2025 ஜூலை 14 அன்று விபோர் கர்க் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்தது. மனைவியுடன் தான் பேசிய தொலைபேசி உரையாடல்களைக் கணவர் ரகசியமாகப் பதிவு செய்திருந்தார். பஞ்சாபின் பதிண்டா குடும்ப நீதிமன்றம் அதை அனுமதித்தது. பஞ்சாப் - ஹரியாணா உயர் நீதிமன்றம் மறுத்தது. நீதிபதிகள் பி.வி.நாகரத்னா, சதீஷ் சந்திர சர்மா அமர்வு உயர் நீதிமன்ற உத்தரவை ரத்து செய்து, அந்தப் பதிவை விவாகரத்து வழக்கில் ஆதாரமாக ஏற்கலாம் என்றது. இதனால் தம்பதிகள் வேவு பார்ப்பது அதிகரிக்கும் என்ற வாதத்தையும் நீதிபதிகள் ஏற்கவில்லை. வேவு பார்க்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள் என்றால் உறவு ஏற்கெனவே உடைந்துவிட்டது, வேவு அதன் அறிகுறிதான் என்பது அவர்கள் கருத்து.

'அப்போ எதை வேணும்னாலும் எடுக்கலாமா?' என்று கேட்டால், இல்லை. உச்ச நீதிமன்ற வழக்கில் இருந்தது தம்பதி தங்களுக்குள் பேசிய உரையாடல். துணையின் கணக்குக்குள் நுழைந்து மூன்றாம் நபருடனான சாட்டை எடுப்பது வேறு விஷயம். 'ஆதாரமாக ஏற்கலாம்' என்பதற்கும் 'அதை எடுத்த விதம் குற்றமில்லை' என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ஆதாரம் ஏற்கப்பட்ட பிறகும், எடுத்தவர் மீது தனியாகப் புகார் வரலாம்.

எதைச் செய்தால் நீங்களே சட்டச் சிக்கலில் மாட்டுவீர்கள்?

- பாஸ்வேர்டைத் திருடிப் பயன்படுத்துவது: தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி, பிறர் பாஸ்வேர்டை மோசடியாகப் பயன்படுத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

- அனுமதியின்றி போனுக்குள் நுழைவது, உளவு ஆப் நிறுவுவது: அதே சட்டத்தின் 43, 66 பிரிவுகள் பொருந்தக்கூடும். 3 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'போனை வாங்கிக் கொடுத்ததே நான்தான்' என்பது பாதுகாப்பான பதில் இல்லை. உரிமையாளரின் அனுமதியை மட்டுமல்ல, கருவியைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவரின் அனுமதியையும் சட்டம் பேசுகிறது.

- ஒரு பெண்ணின் இணையம், இமெயில் பயன்பாட்டை ஆண் கண்காணிப்பது: பாரதிய நியாய சன்ஹிதா 78-ஆவது பிரிவின்படி 'பின்தொடர்தல்' குற்றமாகலாம். முதல் முறை 3 ஆண்டு வரை, மீண்டும் செய்தால் 5 ஆண்டு வரை சிறை.

- கால் ஹிஸ்டரியை வெளியில் விலைக்கு வாங்குவது: தனியார் துப்பறிவாளர்கள் மூலம் சி.டி.ஆர். விற்கப்பட்ட விவகாரத்தில் 2018-இல் மகாராஷ்டிராவின் தாணே போலீஸார் பலரைக் கைது செய்தனர்.

- அந்தரங்கப் படங்களைக் குடும்ப குரூப்பில் போடுவது: கோபத்தில் பலர் செய்வது இது. 66இ, 67, 67ஏ பிரிவுகள் வரும். பாலியல் காட்சி என்றால் 5 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

போனில் தெரியும் 'அறிகுறி'களை எவ்வளவு நம்பலாம்?

இரவு 1 மணிக்கு 'ஆன்லைன்', புதிதாக ஆப் லாக், மறையும் மெசேஜ் என்று இணையத்தில் '10 அறிகுறிகள்' பட்டியல்கள் ஏராளம். அவற்றில் உள்ள பிரச்னையை ஒரு எளிய கணக்கில் பார்க்கலாம். இவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள் மட்டுமே.

100 பேரில் 10 பேர் உண்மையிலேயே ஆன்லைன் உறவை மறைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 8 பேர் போனைக் கவிழ்த்து வைக்கிறார்கள். மீதி 90 பேரில் 30 பேர் வேறு காரணங்களுக்காக அதையே செய்கிறார்கள். ஆக, போனைக் கவிழ்த்து வைப்பவர்கள் 38 பேர். அவர்களில் மறைப்பவர்கள் 8 பேர், அதாவது சுமார் 21%. அறிகுறி 'பொருந்திய' ஐந்து பேரில் கிட்டத்தட்ட நான்கு பேர் அந்தத் தவறைச் செய்யாதவர்கள். அறிகுறி எவ்வளவு பொதுவானதோ, அவ்வளவு குறைவாகவே அது எதையும் நிரூபிக்கும்.

பெரிய டேட்டாவிலும் இதே சிக்கல்தான். திருமணம் தாண்டிய உறவுக்கான 'ஆஷ்லி மேடிசன்' தளத்தின் பயனர் தகவல்கள் 2015-இல் ஹேக் செய்யப்பட்டு வெளியாயின. மூன்று கோடிக்கும் அதிகமான கணக்குகள். கணவர் அல்லது மனைவியின் இமெயில் அதில் இருக்கிறதா என்று உலகம் முழுக்கத் தேடினார்கள். ஆனால் கணக்குத் தொடங்க இமெயிலைச் சரிபார்ப்பதை அந்தத் தளம் கட்டாயமாக்கியிருக்கவில்லை. யார் வேண்டுமானாலும் யாருடைய இமெயிலையும் கொடுத்திருக்கலாம்.

அதே நிறுவனம் 2025-இல் வெளியிட்ட பட்டியலில் காஞ்சிபுரம் இந்தியாவில் முதலிடம் என்று செய்தி வந்தபோது மீம்கள் பறந்தன. அது நிறுவனம் தானே வெளியிட்ட, புதிதாகப் பதிவு செய்தவர்கள் பற்றிய பட்டியல். வேடிக்கைக்காகப் பதிவு செய்தவர், போலிக் கணக்கு, உண்மையில் உறவில் இருப்பவர் ஆகியோரை அது பிரித்துச் சொல்லாது. ஒரு ஊரின் ஒழுக்கத்தை அளக்கும் கருவி இல்லை அது.

மறைப்பதற்கு வேறு காரணம் இருக்குமா?

இருக்கலாம். இதைத்தான் பலர் யோசிப்பதில்லை. போனை மறைப்பவர் கடன் ஆப்பில் சிக்கியிருக்கலாம். ஆன்லைன் சூதாட்டத்தில் பணம் இழந்திருக்கலாம். வேலை போனதைச் சொல்லத் தயங்கலாம். வீடியோ கால் மோசடியில் மாட்டி, 'படத்தை உன் வீட்டுக்கு அனுப்புவேன்' என்ற மிரட்டலுக்குப் பணம் கட்டிக்கொண்டிருக்கலாம்.

கடைசி வகையில் தவறும் இருக்கும், ஆபத்தும் இருக்கும். அப்போது முதலில் தேவைப்படுவது 1930 என்ற சைபர் குற்ற உதவி எண். 'ஏன் செஞ்ச' என்ற விசாரணையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

எப்படிப் பேசுவது?

முதலில் ஒரு தாளில் இரண்டு பத்தி எழுதுங்கள். ஒன்று, நீங்கள் கண்ணால் பார்த்தது. இன்னொன்று, அதிலிருந்து நீங்கள் ஊகித்தது. 'மூணு நாளா நைட்டு பால்கனில போய் பேசறார்' என்பது பார்த்தது. 'ஆபீஸ்ல யாரோ இருக்காங்க' என்பது ஊகம். பேசும்போது முதல் பத்தியிலிருந்து மட்டும் பேசுங்கள்.

"நீ யாரையோ லவ் பண்றியா?" என்று கேட்டால் கிடைப்பது மறுப்பு அல்லது எதிர்த் தாக்குதல். "கொஞ்ச நாளா நீ போனோட தனியா போயிடற. எனக்கு பயமா இருக்கு. என்னன்னு சொல்லு, கேக்கறேன்" என்றால் பதில் வர வாய்ப்பு உண்டு. குழந்தைகள் முன்னால் வேண்டாம், மாமியார் வீட்டில் வேண்டாம், குடித்திருக்கும்போது நிச்சயம் வேண்டாம்.

இருவருக்கும் எல்லை எது என்பதையும் பேச வேண்டும். பழைய காதலரை இன்ஸ்டாகிராமில் பின்தொடரலாமா? சக ஊழியரிடம் வீட்டுச் சண்டையைச் சொல்லலாமா? டேட்டிங் ஆப்பை 'சும்மா' வைத்திருக்கலாமா? பெரும்பாலான தம்பதிகள் இதைப் பேசியதே கிடையாது. ஒருவருக்கு ஜாலியாகத் தெரிவது இன்னொருவருக்குத் துரோகம்.

துணை ஒப்புக்கொண்டால், அன்றைக்கே முடிவெடுக்க வேண்டியதில்லை. அந்தத் தொடர்பை முடித்துக்கொள்ளத் தயாரா, ஆலோசகரிடம் சேர்ந்து வரத் தயாரா என்பதைப் பாருங்கள். நேரில் உடல் உறவும் இருந்தது என்று தெரிந்தால் இருவரும் மருத்துவப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம். 1097 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம்.

பிரிவதுதான் முடிவு என்றால், ஆதாரம் தேடும் முன் வழக்கறிஞரைப் பாருங்கள். உங்களுக்கே வந்த மெசேஜ்களை அழிக்காமல் வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆவது பிரிவின்படி மின்னணு ஆதாரத்துடன் சான்றிதழ் கொடுக்க வேண்டும். அதில் ஒரு பகுதியைத் தாக்கல் செய்பவரும், இன்னொரு பகுதியை நிபுணரும் நிரப்ப வேண்டும். அசல் கருவி கையில் இருப்பது அதனால் முக்கியம்.

சந்தேகமே நோயாக இருந்தால்?

எந்த விளக்கமும் போதாமல், ஒவ்வொரு விளக்கமும் புதிய சந்தேகமாக மாறினால், அது மனநலப் பிரச்னையாக இருக்கக்கூடும். ஷேக்ஸ்பியரின் பாத்திரத்தை வைத்து 1955-இல் டாட், டியூஹர்ஸ்ட் என்ற இரு மருத்துவர்கள் இதற்கு 'ஒத்தெல்லோ சிண்ட்ரோம்' என்று பெயரிட்டனர். நம் ஊரில் 'சந்தேக நோய்' என்கிறோம். நீண்டகாலக் குடிப்பழக்கத்துடன் இது வருவதை மருத்துவர்கள் பார்க்கிறார்கள். சிகிச்சை உண்டு. பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டால் இது சரியாகிவிடாது.

சந்தேகத்துக்கு ஆளாகும் இடத்தில் நீங்கள் இருந்தால்?

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில், 18 முதல் 49 வயது வரையிலான, திருமணமான பெண்களில் 29.3% பேர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகக் கூறினர். மேற்கு வங்கத்தில் இது 27%, தமிழ்நாட்டில் 38.1%. 'கணவர் அடிக்கடி நடத்தையைச் சந்தேகித்துக் குற்றம் சாட்டுகிறாரா' என்பதை, கட்டுப்படுத்தும் நடத்தைகளில் ஒன்றாக அந்த ஆய்வு தனியே கேட்கிறது. சந்தேகம் வீட்டுக்குள் இருப்பவருக்கு எந்த அளவுக்கு ஆபத்து என்பதற்கு அந்தக் கேள்வியே சான்று.

வாட்ஸ்ஆப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' பகுதியைப் பாருங்கள். தெரியாத கணினி இருந்தால் வெளியேற்றுங்கள். கூகுள் கணக்கில் எந்தெந்தக் கருவிகள் உள்நுழைந்துள்ளன என்று பாருங்கள். ஆனால் அடிக்கக்கூடிய துணையுடன் வாழ்பவர், உளவு ஆப்பை நீக்கும் முன் பாதுகாப்பான இடத்தை உறுதி செய்துகொள்ள வேண்டும். கண்காணிப்பு திடீரென அறுந்தால் கோபம் வன்முறையாகலாம். குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005, வார்த்தைகளாலும் மனரீதியாகவும் செய்யும் கொடுமையையும் வன்முறை என்றே சொல்கிறது. அடிபட்ட பிறகுதான் புகார் கொடுக்க வேண்டும் என்பதில்லை.

உதவி எண்கள்

பெண்கள் உதவி எண்: 181
அவசர உதவி: 112
சைபர் குற்றப் புகார்: 1930
டெலி மானஸ் மனநல ஆலோசனை: 14416 (தமிழிலும் பேசலாம்)